55 கிலோவிலேயே நின்ற எடையை நகர்த்தியது: ஒரு சாப்பாட்டுக் கணக்கு

என் உயரம் 174 சென்டிமீட்டர், வயது 28. பொங்கல் முடிந்து எடை கூட்டும் இந்த வேலையை ஆரம்பித்தபோது எடை 55 கிலோ. கல்லூரி முடித்ததிலிருந்து அந்த எண் ஒரு கிலோ மேலே போகும், ஒரு கிலோ கீழே வரும், அவ்வளவுதான். தூத்துக்குடியில் கப்பல் சரக்குகளுக்கான ஒரு கிளியரிங் அலுவலகத்தில் நாற்காலி வேலை. "நல்லா சாப்பிடுவேன், ஆனா உடம்புல ஒட்டாது" என்று சொல்லித் திரியும் கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் முதலில் அந்த வசனத்தைச் சோதித்துவிடலாம் என்று தோன்றியது.

அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. இதைத் தாண்டிப் போகாதீர்கள். சாப்பிட்டும் எடை ஏறவில்லை என்பதற்கும், எடை காரணமில்லாமல் இறங்கிக்கொண்டே போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இறங்கினால் டாக்டரிடம்தான் போக வேண்டும், கடலை வறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

கருவிகள் மூன்றே: ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஆள் ஏறி நிற்கும் டிஜிட்டல் தராசு, அம்மாவின் தையல் டேப். ஆள் தராசைப் பாய் மேலோ மிதியடி மேலோ வைத்தால் பொய் சொல்லும், டைல்ஸ் தரையில் வைக்க வேண்டும். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, 5 கிலோ அரிசிப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் பையில்லாமல் ஒருமுறையும் ஏறி வித்தியாசத்தைப் பார்த்தேன், 5.0 வந்தது. போதும்.

முதல் வேலை, எதையும் மாற்றாமல் வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே எடை போட்டு எழுதுவது. உணவுக்கான எண்களுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையைப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் செல்போன் செயலிகளில் 'சாம்பார், ஒரு கிண்ணம்' என்று தேடினால் வரும் எண்கள் ஆளுக்கு ஒரு தினுசு. இந்த நிறுவனம் 1918இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி என்ற வைட்டமின் குறைபாட்டு நோயை ஆராயத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. 1958இல்தான் ஐதராபாத்துக்குப் போனது.

அரிசியைப் பச்சையாகத்தான் எடை போட வேண்டும். வெந்த சோறு தண்ணீர் குடித்து ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும், குழைய வடித்தால் ஒரு எடை, விறைப்பாக வடித்தால் ஒரு எடை. மதியம் நான் சாப்பிடுவது அரிசிக் கணக்கில் 120 கிராம், அதாவது 425 கலோரி சொச்சம். டிபன் பாக்ஸ் நிறைய இருக்கும், சாப்பிட்டால் வயிறு கும்மென்று ஆகிவிடும், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். சாம்பார் அதைவிட ஏமாற்று. நாலு பேருக்கு அம்மா போடும் துவரம்பருப்பை எடை போட்டால் 80 கிராம்தான். எனக்கு வருவது 20 கிராம் பருப்பு, புரதம் நாலரை கிராம். "பருப்பு தினமும் சாப்பிடுறோமே" என்று சொல்வதெல்லாம் இந்த நாலரை கிராமைத்தான். ரசத்தில் எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. காலை நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார் எல்லாம் சேர்த்து 360. இரவு மூன்று தோசை, சட்னியோடு 470. இடையில் இரண்டு டீ, பிஸ்கட், ஒரு வடை.

சாதாரண நாளில் 1,850 கலோரி வந்தது, புரதம் 50 கிராமை எட்டவில்லை. மீன், கறி, பரோட்டா நாட்களையும் சேர்த்துச் சராசரி போட்டால் 2,050 பக்கம். உடம்பின் தேவையைக் கணக்குப் போட மிஃப்லின் சூத்திரம் இருக்கிறது, ஆண்களுக்கு: எடையை 10ஆல் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, கடைசியில் 5 கூட்ட வேண்டும். எனக்கு 1,500. இது சும்மா படுத்துக் கிடந்தாலே செலவாவது. நாற்காலி வேலையும் கொஞ்சம் நடையும் உள்ளவனுக்கு 1.375ஆல் பெருக்கினால் 2,065. நான் சாப்பிட்டதும் அதே. எடை ஏன் அசையவில்லை என்பதற்கு மர்மம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனாலும் 'ஒட்டாத உடம்பு' என்பது முழுக் கட்டுக்கதை இல்லை. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழு 16 பேருக்கு 8 வாரம் தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி கொடுத்துப் பார்த்தது. ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. சிலருக்குச் சாப்பாடு கூடியதும் தன்னை அறியாமலேயே நடப்பது, நிற்பது, காலாட்டுவது எல்லாம் கூடிவிடுகிறது, உள்ளே போனது அந்த வழியாகவே வெளியேறிவிடுகிறது. நான் போன் பேசும்போது மொட்டை மாடியை அளந்துவிடுகிற ஆள், அதனால் இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆகவே சூத்திரம் தரும் எண்ணை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, தராசு சொல்வதைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இலக்கு இப்படி: உடற்பயிற்சியையும் சேர்த்தால் பெருக்கல் எண் 1.55, தேவை 2,330. அதற்கு மேல் 350 வைத்து 2,700 என்று முழுமையாக்கிக்கொண்டேன். புரதத்துக்கு, எடைப் பயிற்சி செய்கிறவர்களிடம் நடந்த 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரை, கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராமுக்கு மேல் போனால் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை என்கிறது. எனக்கு 88 கிராம். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம்தான், அது ஆரோக்கியமாக இருப்பதற்கு. அதன்படி என் பழைய சாப்பாடே போதும். தசை போடுவதற்குத்தான் போதாது.

ஆக, சாப்பாட்டில் 650 கலோரியும் 40 கிராம் புரதமும் கூட்ட வேண்டும், ஆனால் வயிற்றில் இடம் இல்லை. இதுதான் உண்மையான பிரச்சினை, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். "இன்னும் ரெண்டு கரண்டி சோறு போட்டுக்கோ" என்பதை முயன்றால் மதியம் அலுவலகத்தில் தூக்கம் வருகிறது, ராத்திரி பசி செத்துவிடுகிறது, மொத்தம் அதே 2,050. இடம் கொஞ்சமாகவும் கலோரி நிறையவும் உள்ள பொருள் வேண்டும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. கடலை, எள், தேங்காய், முழுக் கொழுப்புப் பால், முட்டை என்று கை தானாகவே அந்தப் பக்கம் போகிறது.

கடலையில் ஆரம்பித்தேன். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 550 கலோரி, 25 கிராம் புரதம். இந்த விலைக்கு இந்தப் பெறுமானம் வேறு எதிலும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் மென்று தின்றால் தாடை வலிக்கும், சீக்கிரம் திகட்டும், அதனால் அரைத்துவிடலாம் என்று முடிவு. அரைக் கிலோ வறுக்காத நிலக்கடலைப் பருப்பைத் தட்டில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தேன். இது சோம்பேறித்தனம் பார்க்கக் கூடாத இடம், பூசணக் கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கும், கல்லீரலுக்குக் கேடு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. இரும்புச் சட்டியில் சிறு தீயில் கைவிடாமல் வறுக்க வேண்டும். தோல் படபடவென்று வெடித்து, ஒன்றை எடுத்து உடைத்தால் உள்ளே லேசாகச் சிவந்திருந்தால் போதும், அதைத் தாண்டினால் கசப்பு. ஆறியதும் துணியில் போட்டுத் தேய்த்து, சுளகில் புடைத்தால் தோல் பறந்துவிடும்.

மிக்ஸியில்தான் பொறுமை வேண்டும். சட்னி ஜாரில் பாதி அளவு போட்டு ஓட்டினால் முதலில் பொடியாகும், அப்புறம் களிமண் மாதிரி ஒரு கட்டியாக உருண்டு பிளேடு சும்மா சுற்றும். இங்கேதான் பலரும் எண்ணெய் ஊற்றுகிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு (தண்ணீர் ஊற்றினால் அது சட்னி, மறுநாளே புளிக்கும்). ஒன்றும் ஊற்ற வேண்டாம். ஜாரைத் திறந்து ஓரத்தை வழித்துவிட்டு, மிக்ஸியைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் ஆற விட்டு, மறுபடி விட்டு விட்டு ஓட்டினால் கடலை தன் எண்ணெயைத் தானே விடும், விட்டதும் இளகி ஊற்றுகிற பதத்துக்கு வரும். கொஞ்சம் உப்பு. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில், கரண்டியும் ஈரமில்லாமல் இருந்தால், ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் தாங்குகிறது. சிக்கு வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

இதை வைத்து ஒரு பானம்: ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 250 மில்லி, ஒரு வாழைப்பழம், 40 கிராம் கடலை வெண்ணெய், கொஞ்சம் கருப்பட்டிப் பாகு. எல்லாம் சேர்ந்து 600 கலோரி, 19 கிராம் புரதம், பெரிய டம்ளரில் ஒன்று. ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3, அந்த மாற்றம் மட்டுமே டம்ளருக்கு 70 கலோரி. திரவம் என்பதால் வயிறு இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, எடை குறைக்கிறவர்களுக்கு எதிரியாக இருக்கும் அதே குணம் நமக்கு உதவுகிறது. கருப்பட்டியை நேராகப் போடாதீர்கள், உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அடியில் மணல் கிடக்கும், கரைத்து வடிகட்டிப் பாகாக வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது குடிப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். காலையில் இட்லிக்கு முன்னால் குடித்தால் நாலு இட்லி இரண்டாகிவிடுகிறது. கணக்கில் 600 கூட்டி 150 கழிகிறது. சாயங்காலம் டீயும் வடையும் இருந்த இடத்துக்கு மாற்றினால் ராத்திரி தோசை மூன்றும் அப்படியே உள்ளே போகிறது. முதல் வாரம் வயிறு கடமுடவென்றிருந்தது, பாலை 150 மில்லியில் ஆரம்பித்து மெல்லக் கூட்டியதும் சரியானது. பால் சுத்தமாக ஒத்துக்கொள்ளாதவர்கள் அதே பாலைத் தயிராக்கிச் சாப்பிடலாம், புளிக்கும்போது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கொஞ்சம் குறைகிறது.

முட்டை நாளைக்கு மூன்று, அவித்து. 220 கலோரி, 19 கிராம் புரதம். ஜிம் மாஸ்டர் பச்சை முட்டையைப் பாலில் உடைத்து ஊற்றிக் குடிக்கச் சொன்னார், நம் ஊரில் தலைமுறையாக வரும் யோசனை. 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: வெந்த முட்டைப் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சையில் 51 சதவீதம்தான். காசு கொடுத்து வாங்கி ஏறக்குறைய பாதியை வீணாக்குவானேன், சால்மோனெல்லா கிருமி பயம் வேறு.

சனி, ஞாயிறுக்கு உளுந்தங்களி. கருப்பு உளுந்தைத் தோலோடு வாசம் வர வறுத்து, ஒரு கைப்பிடி பச்சரிசி சேர்த்து மாவாக அரைத்து வைத்துவிட்டோம். 100 கிராம் மாவுக்கு 75 கிராம் கருப்பட்டி. கரைத்து வடிகட்டிய தண்ணீர் கொதிக்கும்போது, தனியாகத் தண்ணீரில் கரைத்த மாவை ஊற்றிக் கிண்ட வேண்டும், கட்டி தட்டாது. நல்லெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மேசைக்கரண்டி. கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இரண்டு பேருக்கு வரும், ஆளுக்கு 420 கலோரி. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து "ஏல, இது வயசுக்கு வந்த பிள்ளைக்குல்ல கிண்டிக் கொடுப்பாவ, நீ எப்ப சடங்காவுனே?" என்று கேட்டதைத் தெருவே கேட்டது. அம்மாவின் கவலை வேறு: "இப்படி எண்ணெய ஊத்துனா மாசம் தாங்குமால?" மாதச் சாமானில் நல்லெண்ணெய் ஒரு லிட்டர் கூடியது, அதை நானே வாங்கிப் போட்டுவிட்டேன்.

மீதிப் புரதம், கிடைப்பதைப் பொறுத்து. சாளை மீன் மலிவாக வரும் நாட்களில் அதுதான், 100 கிராம் சதையில் 20 கிராம் பக்கம் புரதம், மீன் எண்ணெய் இலவசம். கிடைக்காத நாளில் மீல் மேக்கர். காய்ந்த உருண்டை 50 கிராமில் 26 கிராம் புரதம், ஆனால் கொதிநீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தால்தான் அந்த வாடை போகும். மீல் மேக்கர், சுண்டல், பால் மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். அலுவலகத்தில் ஏசி அறை, கதவு மூடியிருக்கும், மேலே விளக்கத் தேவையில்லை.

அலுவலக மேசை இழுப்பறையில் கோவில்பட்டி கடலைமிட்டாய் எப்போதும் இருக்கும், மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் நாளுக்கு. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. இரண்டு துண்டு 40 கிராம் என்றால் 200 கலோரி. நம் ஊர் மக்ரூனில் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும்தானே இருக்கிறது என்று நண்பன் ஒருவன் வாதாடினான். சர்க்கரையைச் சொல்லாமல் விட்டுவிட்டான்.

டப்பா பொடிகளைப் பற்றி. 'மாஸ் கெய்னர்' டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பாலும் முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்துப் பொடி. வீட்டில் அரிசி இருக்கும்போது அதை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்க எனக்கு மனமில்லை. வே புரதம் கெட்டது இல்லை, பாலிலிருந்து எடுப்பதுதான், வேண்டியவர்கள் வாங்கலாம், எனக்கு முட்டையிலேயே கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் 'உடம்பு ஏறும் மாத்திரை' என்று உறையில்லாமல் கையில் தருவதைத் தொடாதீர்கள். அந்த மாதிரி மாத்திரைகளில் அடிக்கடி இருப்பவை சைப்ரோஹெப்டடினும் டெக்ஸாமெத்தசோனும். முதலாவது அலர்ஜி மருந்து, பக்கவிளைவாகப் பசியும் தூக்கமும் வரும். இரண்டாவது ஸ்டீராய்டு, உடம்பில் நீர் கோத்து முகம் உப்புவதை எல்லோரும் 'ஏறிட்டான்' என்பார்கள், உள்ளே தசையையும் எலும்பையும் அது கரைக்கிறது.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாக: வாரம் மூன்று நாள், ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட் லிஃப்ட், ரோயிங், தோளுக்கு ஒன்று. தூக்கிய எடையை நோட்டில் எழுதி, முடிந்தபோதெல்லாம் இரண்டரை கிலோ ஏற்றுவது. இது இல்லாமல் மேலே சொன்ன சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டால் ஏறும், ஆனால் எங்கே ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் இரண்டு வாரத்தில் எடை ஒரு கிலோவுக்கு மேல் எகிறியது. அது தசை இல்லை. கூடுதல் மாவுச்சத்து தசையில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பாகச் சேரும்போது கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும், குடலில் இருக்கும் சாப்பாடும் கூடியிருக்கும். அதற்கு அப்புறம் வாரம் 150, 200 கிராம் என்று நிதானமாகப் போனது. தினமும் காலையில் கழிவறைக்குப் போய்விட்டு, தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் ஏறி நின்று எழுதி, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுவேன். ஒரு நாள் எண்ணைப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும், முந்தின இரவு கருவாட்டுக் குழம்பு என்றாலே முக்கால் கிலோ கூடக் காட்டும்.

பங்குனியில் சராசரி அசையாமல் நின்றது. சாப்பாடு அதேதான், எழுதியும் வைத்திருக்கிறேன். சரி என்று 150 கலோரி கூட்டினேன்: சோற்றில் ஒரு கரண்டி நெய், இரவுத் தோசைக்குச் சட்னியோடு எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும். மறுபடி நகர்ந்தது. அக்னி நட்சத்திரத்தில்தான் சிரமம், வெயிலுக்குப் பசியே எடுக்காது, சூடான எதையும் பார்க்கப் பிடிக்காது. அப்போது பெரிய சாப்பாட்டை இரவுக்குத் தள்ளினேன். பகலில் கம்மங்கூழில் ஆரஞ்சுப் பால் தயிரைக் கட்டியாக ஊற்றி, வறுத்த கடலையைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பானத்தை ஃப்ரிட்ஜில் குளிரவைத்தேன். அந்த மாதம் ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

ஆடியில் எடை 60.2. இடுப்பு ஒன்றேகால் அங்குலம் கூடியிருக்கிறது, கொஞ்சம் கொழுப்பும் வந்திருக்கிறது, அதை எதிர்பார்த்துத்தான் செய்தேன். மார்பும் தொடையும் அதைவிட அதிகம் கூடின. ஸ்குவாட்டில் வெறும் 20 கிலோ கம்பியில் ஆரம்பித்தது 70க்கு வந்திருக்கிறது. மறுபடி ரத்தம் கொடுத்தேன், கொலஸ்ட்ரால் எல்லைக்குள் இருக்கிறது. நெய்யை மட்டும் குறைத்து அந்த இடத்தில் இன்னும் 15 கிராம் கடலை வைத்திருக்கிறேன்.

60 கிலோவுக்குக் கணக்கைத் திரும்பப் போட்டால் தேவை 2,400ஐத் தாண்டுகிறது, புரதம் 96. நாலாவது முட்டை சேர்ந்துவிட்டது. இப்போது மழை, புயல் என்று கப்பல் தாமதமாகும் மாதங்கள் வரும், அலுவலகத்தில் ராத்திரி ஒன்பது, பத்து வரை ஆகும். அந்த நாட்களில் சாயங்காலப் பானம் தவறும், அதனால் பொட்டுக்கடலை மாவில் கடலையும் எள்ளும் சேர்த்து மாலாடு பிடித்து டப்பாவில் கொண்டுபோகப் பார்க்கிறேன். நெய் அளவு இன்னும் பிடிபடவில்லை, உருண்டை உதிர்கிறது.